பிட்டா தும்மிய காலை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. நேற்று மாலை ஈப்போவில் ஒரு ஞானஸ்நான விருந்தில், மீகூன் நூடுல்ஸ் தட்டை ஏந்தியபடி, தெரிந்த பையன் ரோய்ஸ்டன் சொன்னது. முடிவு அவனுக்கும் தெரியாது.

நான் குடும்பக் கதை எழுதுகிறவள். என் நாவல்களில் பறவைகளுக்கு ஒரே வேலைதான்: காதலர்கள் நெருங்கும்போது ஜோடியாகப் பறப்பது. இதில் வேலை கொஞ்சம் அதிகம்.

2

முதல் தொடக்கம்: காற்று பலமாக வீசிய அந்தக் காலையில் செரீனாவின் கூந்தல் அலையலையாக—

[வேண்டாம். தொப்பி போட்டிருந்தாளாம்.]

இரண்டாம் தொடக்கம்: நேற்றுக் காலை சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறாமல் மிச்சமிருக்கும் ஒரு துண்டு ரப்பர்க் காட்டில், கோலின் கைப்பேசியை உயர்த்திப் பிட்டாவின் குரலை ஒலிக்கவிட்டான். பிட்டா நீலச் சிறகுள்ள, கூச்சமுள்ள பறவை. தன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டதென்று நம்பி, பதில் சொல்லிக்கொண்டே வரும்.*

கோலினுக்குத் திங்கட்கிழமை சிங்கப்பூரில் வேலை. செரீனாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். போன மாதம் அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். போவதற்குள் பிட்டாவையாவது பார்த்துவிடலாமென்று நண்பன் ரோய்ஸ்டனை இழுத்து வந்திருந்தான்.

[ரோய்ஸ்டனை வெட்டிவிடலாமா? காதல் கதையில் மூன்றாவது ஆள் எதற்கு? ஆனால் கார் அவனுடையது.]

* ரொம்ப நேரம் இப்படி ஏமாற்றக்கூடாதாம்; பறவை களைத்துவிடும். மனிதர்களுக்கு யாரும் விதி வகுக்கவில்லை.

3

“மச்சான், இந்தக் காத்துல நம்மளே பறந்துருவோம். பறவ எங்கலா வரும்? வா, ரொட்டி சானாய் சாப்பிடப் போலாம்.”

“சும்மா இரு. கேளு.”

காற்றோடு பதில் வந்தது. இரண்டு சீழ்க்கை. கோலின் மறுபடி ஒலிக்கவிட்டான், மறுபடி பதில். இப்படியே அரைமணி நேரம்.

“கிட்ட வருது,” என்றான் கோலின்.

இரண்டு சீழ்க்கை. பிறகு ஒரு தும்மல்.

“பிட்டா தும்முமா மச்சான்?”

கோலின் முகம் மாறியது. “அது என் தும்மல்.”

“நீ இங்கதான இருக்க!”

“போன வருஷம் நானும் செரீனாவும் பிட்டா சத்தத்த அவ போன்ல பதிவு பண்ணோம். நடுவுல தும்மிட்டேன். அழிச்சிருன்னு எத்தன தடவ சொன்னேன்!”

“அழிக்கலையே,” என்றான் ரோய்ஸ்டன்.

[இந்த இடத்தில்தான் அவனை வெட்டாமல் விட்டேன்.]

4

வடிகாலுக்கு அக்கரையில் செரீனா நின்றாள், கையில் கைப்பேசி, சட்டையெல்லாம் சகதி.

“அரமணி நேரமா நீதான் கத்துனியா?”

“நீயுந்தான் கத்துன!”

“நெசப் பறவன்னு நெனச்சுத் தரையில படுத்து ஊர்ந்து வந்தேன். அட்ட கடிச்சதுதான் மிச்சம்!”

ரோய்ஸ்டன் நாகரிகமாகக் கார்ப் பக்கம் ஒதுங்கினான்.

முடிவு அ: அவள் வடிகாலைத் தாண்டிக் குதிக்கிறாள், தேவாலய மணி. [என் வாசகிகளுக்குப் பிடிக்கும். வடிகால்தான் ரொம்ப அகலம்.]

முடிவு ஆ: அவன் வேலையை உதறுகிறான். [பிறகு ஒவ்வொரு சண்டையிலும் சொல்லிக் காட்டுவான்.]

நடந்தது இவ்வளவுதான். கோலின் காற்றை மீறிக் கத்தினான்: “செரீ, நான் போகட்டா? நீ சொல்லு!” கேட்பது இதுதான் முதல்முறை. அவள் மெதுவாக ஏதோ சொன்னாள்; அது கார்வரை வரவில்லை. பிறகு கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றி, வடிகாலுக்கு மேலே கையை நீட்டினாள். கோலின் வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி. மோதிரம் போல இதையும் திருப்பிக் கொடுத்தாளா? இல்லை, ‘அதோ, பிட்டா வந்துடுச்சு, பாரு’ என்றாளா?

ரோய்ஸ்டன் அதற்குமேல் பார்க்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். கோலின் ஈப்போ திரும்ப இனி அவள் கார்தான் வழி. இத்தனை நாவல் எழுதிய எனக்குத் தோன்றாத யோசனை.

5

இன்று ஞாயிறு. கோலின் கைப்பேசியை எடுக்கவில்லையாம்.

நல்ல முடிவு ஒன்று என் கைவசம் இருக்கிறது. ஆனால் செரீனாவைக் கேட்காமல் ஒருவன் முடிவெடுத்ததுதானே இந்தச் சண்டையே? அதை நானும் செய்யமாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதலாம், எழுதுமுன் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

[                    ]