திங்கட்கிழமை மட்டும் அணையாத சுவிட்ச்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் மகள் சொல்வாள். பொய்யில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது என் பிழைப்பு. ஊசியைக் கையில் எடுத்தால் பொறுமை வரும், கீழே வைத்தால் போய்விடும். இன்னொரு குறையும் உண்டு. முகங்கள் எனக்கு நினைவில் நிற்காது. கைகள்தான் நிற்கும்.

இந்தப் பிழைப்பைச் சுமந்தது ஒரு பத்து வயது மின்சாரக் கார். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. சார்ஜ் ஏற்றும் இடத்தின் மூடி டேப்பின் தயவில் நின்றது. ஹீட்டர் செத்து இரண்டு வருடம். பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் 'கடக்' என்று எதிர்த்துப் பேசும். ஆனாலும் ஓடியது. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும், மகள் கல்லூரிக்குப் போவாள்.

என் கோபத்தில் பாதி கீழ்வீட்டுக்காரருக்கே செலவானது. இரவில் வெளிக்கேட்டைப் பூட்டுவது அவர் வேலை. பூட்டும் கையோடு என் கார் சார்ஜ் ஆகும் சுவிட்சையும் அணைத்துவிடுவார். காலையில் பார்த்தால் எண்பது சதவீதத்தில் நிற்கும். மின்சாரம் என் மீட்டரில் ஓடுகிறது, அவருக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லை. முதல் தடவை பிடிபட்டபோது, "இல்லம்மா, இந்த பேட்டரிய தினமும் முழுசா..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க சார்" என்றேன். அதோடு பேச்சு நின்றது, அணைப்பது நிற்கவில்லை. சுவிட்சைத் தொடாதே என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். மறுநாள் காகிதம் ஒட்டியபடியே இருந்தது, சுவிட்ச் அணைந்திருந்தது. திங்கட்கிழமை இரவு மட்டும் மறந்துவிடுவார். மறதிக்கும் கிழமை வைத்திருக்கிறார் மனிதர் என்று மகளிடம் கேலி செய்வேன்.

போன புதன்கிழமை காலை கார் செத்துக் கிடந்தது. ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. ஷோரூமுக்குப் போன் செய்தேன். பத்து வருட வண்டியென்றால் பெரிய பேட்டரிதான் போயிருக்கும் என்று பார்க்காமலே சொன்னார்கள். புதிதாகப் போட ஆகும் செலவு, நான் கார் வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு. நேராகப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தினமும் பாதியில அணைச்சு அணைச்சே கொன்னுட்டீங்க! இப்ப திருப்திதானே?"

அவர் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு நின்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, காரை இழுவை வண்டியில் ஏற்றப் பின்னாலிருந்து தள்ளினார்.

மகள் விசாரித்துச் சொன்ன ஒரு சின்னப் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்து, இரண்டு கம்பிகளை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரிய பேட்டரிக்கு ஒண்ணுமில்லக்கா. இந்தச் சின்ன பேட்டரிதான் போச்சு. இது எழுப்பினாத்தான் அது எந்திரிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்ல?"

புதுப் பூசாரிக்கு ஒரு டயர் விலைகூட ஆகவில்லை. பிரேக்கில் ஏறியிருந்த துருவையும் தேய்த்துவிட்டார். முன்சக்கரச் சத்தத்துக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்தார். பிறகு லேப்டாப்பை மாட்டிப் பெரிய பேட்டரியைச் சோதித்தவர், திரையை இரண்டு தடவை பார்த்தார்.

"எண்பத்தாறு சதவீதம் உயிரோட இருக்கு. இந்த வயசு வண்டிங்க அறுபதுக்கே தள்ளாடிக்கிட்டு வரும். அக்கா, யாரு இதுக்கு சார்ஜ் போடறது?"

"நான்தான். ஆனா முழுசா ஏத்த விட்டாத்தானே! எண்பது வந்ததும் கீழ்வீட்டு ஆளு அணைச்சிடறார்."

"அந்த ஆளக் கையெடுத்துக் கும்பிடுங்க. தினமும் நூறு வரைக்கும் திணிச்சிருந்தா இது எப்பவோ படுத்திருக்கும்." திரையை இன்னொரு தரம் பார்த்தார். "வாரத்துல ஒரு நாள், திங்கட்கிழமை ராத்திரிதான் நூறு ஏறியிருக்கு. செவ்வாக்கிழமை காலையில உங்களுக்குத் தூரமான வேலையா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற நாள் செவ்வாய், அன்று மட்டும் விடியுமுன்னே படியிறங்குவேன். எண்பதை வைத்துக்கொண்டு போய்த் திரும்ப முடியாது. என் வேலைக் கணக்கை அந்த மனிதர் மாடிப்படியில் என் காலடியைக் கேட்டே தெரிந்து வைத்திருக்கிறார். நான் கத்தியதை நினைத்துக் கூசிப்போனேன்.

நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன். இந்த முறை மெதுவாகத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார். எப்போதும் முழுக்கை போட்டிருப்பவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் அன்று முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார்.

"சார் இருக்காரா? மன்னிப்புக் கேக்கணும்."

"கிடங்குல இருந்து இப்பதான் வந்தார். முப்பது வருஷமா அங்க பேட்டரி வண்டிங்களுக்கு சார்ஜ் போடறவர். உங்க காரைப் பாத்தா கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலை. சில ராத்திரி ரெண்டு தடவைகூட எந்திரிச்சுப் போய்ப் பாப்பார்."

"நான் அத்தனை திட்டினேனே, எதுக்காக..."

அவர் துண்டை எடுக்க ஈரக்கையை நீட்டினார். இடது முழங்கையின் உள்பக்கம், பிறை மாதிரி ஒரு தீக்காயத் தழும்பு. அதற்குக் கீழே பிடிகொடுக்காமல் நழுவி ஓடும் மெல்லிய நரம்பு.

அந்தக் கையை எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன், நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நாலு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கை அது. வீங்கி, கன்றிப்போயிருந்தது.

"அக்கா, நீங்களா?"

"நீங்க குடிவந்த அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் ஞாபகமில்லை."

அவர் கணவர் உள்ளேயிருந்து வந்தார். "வெந்நீர் பாட்டிலை வச்சு, கால் மணி நேரம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்க. வெளியில அத்தனை கூட்டம். நீங்க அவசரப்படலை. ஒரே குத்துதான்" என்றார். "அப்படிப்பட்ட பொண்ணு ரெண்டு வார்த்தை கத்தினா கத்திட்டுப் போகட்டுமே."

கோபக்காரிக்கு அழத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்றபடியே அழுதேன். அந்த அக்கா ஈரக்கையாலேயே என் முகத்தைத் துடைத்தார்.

"வண்டி ஓடுதா?" என்றார் அக்காவின் கணவர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"ஓடுது."

"வர்ற செவ்வாய் ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே?"

"ஆமாண்ணே" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.