தொண்ணூற்றேழு டிகிரியில் ஒரு நிபுணர்

நிபுணர் இதுவரை முந்நூறு பேருக்காவது கணினி கட்டிக் கொடுத்திருப்பார். எல்லாம் வாயால்தான். இன்னும் சரியாகச் சொன்னால் விரலால். கேம் விளையாடுகிறவர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில், எந்த ப்ராசசருக்கு எந்த மதர்போர்டு, மின்சாரம் கொடுக்கிற பெட்டியில் ஏன் கஞ்சத்தனம் கூடாது, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். வயது இருபது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஸ்க்ரூடிரைவர் பிடித்ததில்லை. சொந்தமாக இருந்தது ஒரு பழைய லேப்டாப். அதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தார். உத்தரவாதம் போய் நான்கு வருடம் ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் பெரியவர்கள் பேச்சைத் தட்டக்கூடாதே.

நிபுணர் என்ற பட்டத்தைக் கொடுத்தவள் அக்கா. பாராட்டிக் கொடுத்ததல்ல.

அக்கா நர்ஸ். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பிரிவுக்குப் பிரிவு ஓர் அணி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வீட்டிலிருந்தே துப்பாக்கி கேம் விளையாடுவார்கள். வாரம் முழுவதும் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு அன்று ஒருநாள் விடுமுறை. போன மாதம், ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அக்காவின் லேப்டாப்பும் சூடு பிடித்துத் தானாக அணைந்துபோனது. நால்வர் அணி மூவராகி, மூவர் பூஜ்யமானார்கள். அணியின் கேப்டன், வார்டின் ஹெட் நர்ஸ். திட்டவில்லை. ஊசி போடுகிறவர்களுக்கே உரிய மென்மையோடு சொன்னார்: "இன்னொரு தடவை பாதியில போனா, பார்மசிப் பொண்ணைச் சேர்த்துக்கறேம்மா. தப்பா எடுத்துக்காதே."

அக்கா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். பார்மசிப் பெண் கேம் விளையாட ஆரம்பித்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. ஆகவே தம்பியின் யோசனைப்படி ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எக்ஸ்ரே பிரிவோடு ஆட்டம். காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"கட்டிடுவேல்ல?" என்றாள் அக்கா.

"இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ற வேலைக்கா."

"கண்ணைத் தொறந்துக்கிட்டே பண்ணு."

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே புதுப்பொருள் எதையும் உரிக்கக் கூடாது. ஒன்பது வயதான ஃப்ரிட்ஜ் இன்னும் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளோடுதான் நின்றது. ரிமோட் உறைக்குள் இருந்தது. சுவர்க் கடிகாரம் தாளுக்குப் பின்னாலிருந்து குத்துமதிப்பாக மணி காட்டியது. "உரிச்சா அன்னைக்கே பழசாயிடும்" என்பது அம்மாவின் சித்தாந்தம். நிபுணர் கணினிப் பெட்டியான கேபினெட்டின் கண்ணாடிக் கதவில் இருந்த தாளின் நுனியில் நகத்தை வைத்ததுமே அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"டேய், கையை எடு! கீறல் விழும்."

"அம்மா, உள்ளே லைட் எரியறது தெரியணும்மா."

"தெரியற வரைக்கும் தெரிஞ்சா போதும்."

நிபுணர் கையை எடுத்தார். இருபது வருடப் பழக்கம். கை தானாகவே வந்துவிடும்.

அக்கா அடுக்களையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று ஸ்க்ரூக்களுக்கு; மற்றது உரித்துப் போடும் உறைகளுக்கும் மூடிகளுக்கும்.

"இது எதுக்கு?"

"ஆபரேஷன் தியேட்டர்ல உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாத்தையும் எண்ணுவோம். வயித்துக்குள்ளே பஞ்சை விட்டுட்டுத் தைச்சுடக் கூடாதில்ல?"

நிபுணர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

ப்ராசசரின் மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பார்த்துப் பொருத்தினார். சரியாக உட்கார்ந்தது. இரண்டு மெமரிக் கட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் செருகாமல் ஒன்றுவிட்டு ஒன்றில் செருகினார். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு எழுதியவர்தான், அந்த 'டக்' இவ்வளவு எலும்பு முறிகிற மாதிரி கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பண்ற வேலைன்னு சொன்னப்போ நம்பலை" என்றாள் அக்கா.

ப்ராசசர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைக்க வேண்டும். அதை அக்காவே வைத்தாள். ஆயின்மென்ட் விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதன்மேல் உட்கார வேண்டியது ப்ராசசரின் சூட்டைத் தணிக்கிற கூலர்: கைப்பிடி அளவுக்கு உலோகத் தகடுகள், பக்கவாட்டில் ஒரு ஃபேன், அடியில் முகம் பார்க்கலாம் போன்ற செம்பு. அந்தப் பளபளப்பில் கைரேகை படாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிராகத் திருகி முடுக்கினார் நிபுணர். திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டையும் மாட்டினார். முன்னால் இருந்த இரண்டு ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் இருந்தது வெளியே தள்ளும்படி வைத்தார்.

"பவர் பெட்டியைப் பெரிசாவே வாங்கியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்தினா போதும்க்கா."

"முதல்ல இன்னைக்கு நாலு மணியைத் தாண்டட்டும்."

இரண்டரை மணிக்கு பட்டனை அழுத்தினார்கள். உள்ளே லைட் எரிந்தது. கணினிக்கு உயிர் வந்ததைப் பார்த்து, நிபுணரின் கண்ணில் தூசி விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "நகைக்கடை மாதிரி இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

கேமைத் திறந்தார்கள். மூலையில் வெப்பநிலை செல்சியஸில் ஓடியது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றேழு. சூடு தாங்காமல் ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, திரையில் ஓடிய சிப்பாய் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி விட்டுவிட்டு நின்றான்.

"என் வார்டுல இவ்வளவு சூடு இருந்தா டாக்டரைக் கூப்பிட மாட்டோம்டா. வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடுவோம்."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் நிபுணர். ஆரம்பத்தில் அப்படி இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஃபேன்களின் திசையைப் பார்த்தார், சரி. ஸ்க்ரூவை இறுக்கினார், இறுகித்தான் இருந்தது. கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். தொண்ணூற்றாறு.

"ஃப்ரிட்ஜுக்குள்ளே வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார் அம்மா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லவில்லை. பெற்ற பாசம்.

மணி மூன்று. அக்காவின் போனில் கேப்டனின் செய்தி வந்தது: 'ரெடியாம்மா? பார்மசிப் பொண்ணும் ஆன்லைன்லதான் இருக்கா.'

அக்கா அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் நிபுணரைச் சுட்டது. அவர் பழைய லேப்டாப்போடு ஓரமாகப் போய், மன்றத்தில் 'புதுமுகம்' என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவர், அதே ஊரில் முக்காடு போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்: புதுக் கணினி, புதுக் கூலர், தொண்ணூற்றேழு டிகிரி, ஏன்?

'பூனைவால்' என்ற பெயரில் ஒருவர் இரண்டே நிமிடத்தில் பதில் போட்டார். "நம்ம மன்றத்துப் பெரிய தலை ஒருத்தர் போன வருஷமே இதுக்கு எழுதிட்டாரு. படிங்க." கீழே, முகம் தெரியாத ஒரு குட்டிப் போட்டோவோடு, அந்தப் பெரிய தலையின் பதிவு:

'கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? உரிக்காமல் மாட்டியிருந்தால் தயவுசெய்து கணினியை விற்றுவிட்டு மீன் வளர்க்கவும். மீன் செத்தால் இங்கே வந்து யாரும் அழ மாட்டார்கள்.'

நானூற்றுப் பதினேழு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அந்த நடையை நிபுணருக்கு நன்றாகத் தெரியும். அவருடையதுதான்.

"யாருடா இந்தத் திமிர் பிடிச்சவன்?" பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா."

"சொல்றது சரியாத்தானே இருக்கு. உரிச்சியா?"

"உரிச்சேனே."

அக்கா இரண்டாவது தட்டைப் பார்த்தாள். "கார்டு மூடி ரெண்டு. மெமரி டப்பா ஒண்ணு. பவர் பெட்டி உறை. கூலர் தாள் இல்லையே."

"கீழே விழுந்திருக்கும்."

"கீழே விழுந்திருக்கும்னு சொல்ற டாக்டரை நாங்க நம்பறதில்லடா. வயித்தைத் தொற."

மணி மூன்று பத்து. கரண்ட் போய்விட்டது என்று கேப்டனிடம் சொல்லலாம், கம்பெனிக்காரன் தலையில் பழியைப் போடலாம் என்று நிபுணரின் மூளை தப்பிக்க வழி தேடியது. கை மட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. அன்று அது செய்த முதல் நல்ல காரியம்.

கூலரைத் தூக்கினார். அடியில், கண்ணாடி மாதிரி ஒரு தாள், பேஸ்ட்டில் குளித்துக் கிடந்தது. அதன்மேல் சிவப்பு எழுத்தில்: 'மாட்டுவதற்கு முன் உரிக்கவும்.'

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"பாரு, உள்ளே எப்படிப் புதுசு மாதிரியே இருக்கு!" என்றார் அம்மா, உண்மையான பெருமையோடு.

"உரிக்கலக்கா" என்றார் நிபுணர். "பளபளன்னு இருந்துச்சா, கை வரலை."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் கைப்பையிலிருந்து ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சை எடுத்துப் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்தாள். "நீயே உரி" என்றாள்.

அவர் உரித்தார். அந்த வீட்டின் வரலாற்றில் உரிக்கப்பட்ட முதல் தாள் அது. அம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா தாளைத் தட்டில் போட்டு, "கணக்கு சரி" என்றாள்.

புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை மாட்டி, நான்கு அடிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கணினிக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு. கேமைத் திறந்ததும் ஐம்பது, அறுபது, அறுபத்திரண்டு. அங்கேயே நின்றது. சிப்பாய் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடினான். நிபுணர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரமும் மூலையில் இருந்த அந்த அறுபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் கடலைப் பார்ப்பார்களே, அப்படி.

அக்காவின் அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால் கடைசி ஆளாக நின்று தோற்றவள் அக்கா. ஸ்பீக்கரில் கேப்டனின் குரல் கேட்டது: "கடைசி வரைக்கும் நின்னேல்ல, அது போதும்மா. அடுத்த ஞாயிறும் நாலு மணி."

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு நாற்காலியைச் சுற்றினாள். முகம் தோற்றவள் முகமாக இல்லை. "அந்தத் திமிர் பிடிச்சவனுக்கு ஒரு நன்றி சொல்லிடு."

"எனக்கு அவரைத் தெரியாதுக்கா."

"அவன் போட்டோவுல போட்டிருக்கிற சட்டை நான் வாங்கிக் கொடுத்ததுடா."

நிபுணர் மன்றத்துக்குப் போய்த் தன் பதிவின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'மீன் வளர்க்க வேண்டாம். தாளை உரித்தால் போதும். இன்று நானே உரிக்கவில்லை.'

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கேள்வி வந்தது. "அண்ணா, நான் அப்பவே கணினியை வித்துட்டு மீன் வாங்கிட்டேன். தொட்டிக்கு எந்த ஃபில்டர் நல்லது?"

விரல்கள் வழக்கம்போல் பாய்ந்து விசைப்பலகைக்குப் போயின. மூன்று பத்தி எழுதி, அழித்தார். பிறகு பதில் போட்டார்:

'மேலே பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்துவிடவும். மற்றது எனக்குத் தெரியாது.'