வினிதா அப்பா ஆப்சென்ட்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை இல்லை. சனிக்கிழமை தாம்பரம் பஸ்ஸில், தினமும் கூட வரும் அஞ்சம்மாள் சொன்னது. பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பத்தொன்பது வருடம் பிரஸ் மிஷின் ஓட்டிய அவள் கணவர், பட்டறை மூடியதால் எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை அவளுக்குக் கீழேயே வேலைக்குச் சேர்ந்தார்.

பெண்ணியக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? உடனே எழுத உட்கார்ந்தேன்.

2
பெண்டாட்டிக்குக் கீழே வேலையா என்று அவர் சோற்றுத்தட்டை வீசி எறிந்...

(ஞாயிறு காலை இதைப் போனில் படித்துக் காட்டியதும் அஞ்சம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, அவுரப் போய் வில்லனாக்கிகினு கீற? என் சூப்பர்வைசர் கோட்ட அயர்ன் பண்றதே அவுருதான்." அந்த வரியை அடித்துவிட்டேன். நன்றாக எழுதிய வாக்கியம், வயிறு எரிந்தது.)

3
சிக்கல் அவரிடம் இல்லை, ரோல்காலில் இருந்தது. காலை ஆறரைக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மானேஜர் முன்னால், சூப்பர்வைசர்தான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "உள்ளேன்" என்றவர்களுக்குத்தான் வேலை. அஞ்சம்மாளோ இருபத்திரண்டு வருடத்தில் புருஷன் பெயரை வாயால் சொன்னவளில்லை.

முதல் நாள் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். ஆப்சென்ட். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு, "வினிதா அப்பா!" என்றாள். வினிதா அவர்கள் மகள். வரிசையே சிரித்தது. "அப்படி யாரும் லிஸ்ட்ல இல்லையே" என்றார் மானேஜர். மறுபடி ஆப்சென்ட். மூன்றாவது ஆப்சென்ட் விழுந்தால் அவர் வேலை போய்விடும்.

"எந்தக் காலத்துல இருக்க? தைரியமா சொல்லு" என்று பஸ்ஸிலேயே உபதேசம் செய்தேன். (நான் என் கணவரை எப்படிக் கூப்பிடுகிறேன்? "ஏங்க." இதை அடிக்குறிப்பில் ஒளித்துவிடலாம் என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது, இங்கேயே இருக்கட்டும்.)

4
முடிவு அ: கணீரென்று கூப்பிடுகிறாள், கைதட்டல். (சினிமா.)
முடிவு ஆ: அவர் வேறு வேலை பார்த்துக்கொள்கிறார். (கோழைத்தனம். என்னுடையது.)

மத்தியானம் மறுபடி போன் செய்தேன். "அவர் பேர் என்னன்னு சொல்லு, கதையில போடணும்."

"கு..." இருமினாள். பின்னாலிருந்து ஆண்குரல்: "அட, சொல்லும்மே. நான் இன்னா கோச்சிக்கவா போறேன்? நானுந்தான் உன்ன மேடம்னு கூப்ட கத்துக்கினு கீறேன்."

"குப்புராஜ்!"

"உள்ளேன் மேடம்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

5
நாளை திங்கள். வீட்டில் வந்த பெயர் மானேஜர் முன்னால் வருமா? அதை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கோட்டையும் தன் சட்டையையும் அவர் இப்போதே அயர்ன் செய்து மாட்டிவிட்டாராம்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. பக்கத்து அறையில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

"பத்ரி...