துரைப்பாண்டி கொண்டுவந்த உளுந்து

1

இந்தக் கதை இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஓர் உளுந்துப் பையோடு என் வீட்டுக்குள் வந்தது. கொண்டுவந்தவர் திருவேங்கடம் ஊருக்குப் பக்கத்தில் பயிர் வைக்கும் சம்சாரி துரைப்பாண்டி. தை பிறந்தால் வந்துவிடுவார். இது ஒன்பதாவது தை. பையை இறக்கி வைப்பார். "ஒங்களாலதான் அண்ணாச்சி எம் பொண்டாட்டி நடமாடுதா" என்பார். காப்பி குடிப்பார், போய்விடுவார். இன்று புதிதாக ஒன்று கேட்டார்.

"அந்த மெக்கானிக் பய இப்ப எங்கன இருக்கான் அண்ணாச்சி? ஒருநா நேர்ல கண்டு நாக்கப் பிடுங்குத மாதிரி ரெண்டு கேக்கணும்."

"ஒரு அவசர லெட்டர் எழுதிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். லெட்டர் எதுவும் இல்லை. எழுதுவது இதைத்தான். அவருக்கு ஐந்து மணிக்குப் பஸ்.

2

தொடக்கம் ஒன்று: 'ஆயுத பூஜை அன்று சங்கரன்கோவிலில் சைக்கிள் முதல் லாரி வரை மாலை போட்டுக்கொண்டு' – வேண்டாம். அழகாகத் தொடங்கினால் நான் எளிதாகத் தப்பித்துவிடுவேன்.

தொடக்கம் இரண்டு: 'என் பழைய அம்பாசடருக்கு அப்போது பதினெட்டு வயது. எந்த நேரத்தில் எது போகும் என்று' – இதுவும் வேண்டாம். வண்டி மேல் பழியைப் போடுகிறது. வாய் இல்லாத சாமான்.

தொடக்கம் மூன்று: 1977, ஆயுத பூஜை, மாலை நான்கு மணி. நான் அப்போது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். துரைப்பாண்டியின் மனைவி முப்பிடாதியம்மாளைக் கரிசல் காட்டில் விரியன் கடித்துவிட்டது. சங்கரன்கோவில் டாக்டர் ஓர் ஊசி போட்டுவிட்டு, "உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். பின்சீட்டில் அவளைச் சாய்த்து வைத்தோம். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. கிளப்பும்போதே வண்டி இருமியது. திருநெல்வேலி ரோட்டில் ஒரு மைல்கூடப் போகவில்லை, நின்றுவிட்டது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மருதப்பனின் ஒர்க் ஷாப். நானும் துரைப்பாண்டியும் தள்ளிக்கொண்டு போனோம்.

(முதலில் எழுதியபோது மருதப்பனை வாசலில் நிறுத்தி, 'பூஜை அன்னிக்கு வேலை கிடையாதுவே' என்று சொல்ல வைத்தேன். அடித்துவிட்டேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். கதையில் ஒரு கெட்டவன் இருந்தால் நல்லது என்று தோன்றியதால் அவரைக் கூப்பிட்டேன். கெட்டவனைத் தேடி வெளியே போக வேண்டியதே இல்லை.)

உள்ளே இருந்தது மெக்கானிக் ஆதம் மட்டும். கடையநல்லூர்க்காரர், முப்பது வயது இருக்கும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் பொட்டு வைத்துப் பரப்பியிருந்தார்கள். மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். அதுவரை ஒரு திருப்புளியைக்கூடத் தொடமாட்டார்கள்.

"எடுங்க ஆதம், உயிர் போற காரியம்" என்றேன்.

"நீங்க எடுத்தா சாமி குத்தம்னுட்டுப் போயிரும் அண்ணாச்சி. நான் எடுத்தா வேற பேச்சு ஆயிரும்" என்றார். பேசிக்கொண்டே பானெட்டைத் தூக்கிவிட்டார். "கையே போதும். சாவியப் போடுங்க."

4

அடுத்த இருபது நிமிடங்களை வரி வரியாக எழுதுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது. (நான் பேசவேண்டியிராத பகுதி என்பதால் இருக்கலாம்.)

கரண்ட் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பிடுங்கினார். காய்ந்த துணியை நாலாக மடித்து அதைப் பிடித்து, முனையை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். 'டப்' என்று நீலப் பொறி பாய்ந்தது.

"இதுவரைக்கும் கரண்ட் வருது."

ஒயரை மாட்டிவிட்டு, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி அதே மாதிரி காட்டினார். பொறி இல்லை. அடுத்த பிளக்கிலும் இல்லை.

"அப்ப இடையிலதான் எங்கனயோ போகுது."

இடையில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. வந்த கரண்டை நான்கு பிளக்குக்கும் பங்கு வைக்கும் கறுப்பு மூடி. அதற்கு ஸ்பேனர் வேண்டாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிளிப். இரண்டு கட்டைவிரலாலும் தள்ளித் திறந்தார். பின்சீட்டில் முப்பிடாதியம்மாள் முனகினாள். "ஏட்டி, கண்ண மூடாத! என்னையப் பாரு!" என்று துரைப்பாண்டி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆதம் மூடியின் மேல்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.* பிறகு வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு முடி கனத்துக்குக் கீறல், அதையொட்டிக் கரிக்கோடு. ஈரம் இறங்கி, கரண்ட் அந்த வழியே ஓடி எரித்திருந்தது.

"சுரண்டிப் போட்டா பனவடலிசத்திரம் வரைக்கும் ஓடும். அங்கன நின்னா அத்துவானக் காடு. மாத்தித்தான் ஆகணும்."

கடைகள் எல்லாம் பூட்டு. அதே மூடி இருந்த ஒரே இடம், ஷெட்டுக்குள் மாலையும் வாழைக்கன்றுமாக நின்ற மருதப்பனின் சொந்த அம்பாசடர். ஆதம் அதன் முன்னால் ஒரு நொடி நின்றார்.

"மாலைய மட்டும் நீங்க எடுத்துருங்க அண்ணாச்சி. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

எடுத்தேன். அவர் மூடியைக் கழற்றி வந்தார். வரிசை தப்பினால் வண்டி உதைக்கும் என்று, பழைய மூடியிலிருந்து ஒரு ஒயர், புதியதில் அதே இடத்தில் ஒரு ஒயர் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்.

* எதைத் துடைத்தார் என்பது கதைக்கு அவசியமில்லை.

5

அவசியம்தான்.

மணி நாலே முக்கால். வெளியே என் மனைவி மாரித்தாய் இரண்டாவது காப்பி கொடுக்கிற சத்தம் கேட்கிறது.

ஆதம் துடைத்தது சந்தனத்தை. அன்று நடுப்பகலில் வண்டியைக் கழுவி, பக்தி முற்றிப்போய், பானெட்டையும் திறந்து, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் தண்ணீராகக் கரைத்த சந்தனத்தை அப்பியது நான். பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, அந்த மூடிக்கு. முந்தின நாள் சர்வீஸ் முடித்து வண்டியைக் கொடுக்கும்போது, "நாளைக்குக் கழுவையில உள்ள மட்டும் ஈரம் படாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று ஆதம் சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டியிருந்தேன்.

துடைக்கும்போது அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கீறலைப் பார்க்கத் துடைத்தாரா, என் மானத்தைக் காக்கத் துடைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதுகிறவன் நினைத்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். அவருடைய மனதுக்குள் புகுந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

கடைசி ஒயரை மாட்டும்போதுதான் துரைப்பாண்டி இறங்கி வந்து கத்தினார்.

"யாருவே செஞ்ச வேல இது? எம் பொண்டாட்டி சாகக் கெடக்கா!"

நான் சொன்னேன்:

"நேத்து சர்வீஸ் பண்ணுனது இவருதான்."

அதில் பொய்யான சொல் ஒன்றுகூடக் கிடையாது. துரைப்பாண்டி ஆதமின் சட்டையைப் பிடித்தார். ஆதம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், பேச்சு வளர்ந்திருக்கும், பின்சீட்டில் அவளுக்கு அத்தனை நேரம் இல்லை. அவர் இரண்டு கிளிப்பையும் அழுத்தினார்.

"ஏறுங்க. நேரமாகுது."

வண்டி ஒரே திருப்பில் பிடித்தது.

6

முடிவு ஒன்று: முப்பிடாதியம்மாள் பிழைத்தாள். காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நடக்கிறாள், களை எடுக்கிறாள். இது நடந்தது. ஆனால் அவளுடைய கதைக்குத்தான் இது முடிவு.

முடிவு இரண்டு: துரைப்பாண்டி மறு வாரமே ஒர்க் ஷாப்புக்குப் போய்க் கூட்டம் கூட்டினார். பூஜை போட்ட வண்டியில் கை வைத்த கோபத்தோடு இதுவும் சேர, மருதப்பன் ஆதமை நிறுத்திவிட்டார். துபாய் போனதாக ஒருவர் சொன்னார், தென்காசியில் ஷெட் போட்டிருப்பதாக இன்னொருவர். நான் விசாரிக்கவில்லை. இதுவும் நடந்தது.

முடிவு மூன்று: நான் பிறகு ஆதமைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு – இது நடக்கவில்லை. எழுதினால் அழகாக வரும்.

போன எட்டுத் தையிலும் அந்த உளுந்தில் எங்கள் வீட்டில் வடை சுட்டோம். தின்றேன். வெட்கமாக இருக்கிறது.

7

கதவைத் தட்டுகிறார்.

"அண்ணாச்சி, லெட்டர் முடிஞ்சுதா? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரட்டுமா?"

துரைப்பாண்டிக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஐந்தாம் பகுதியை மட்டும் வாசித்தால்கூடப் போதும்.

"இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

வாசகரே, சந்தனம் வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இன்னும் தெரியாது. இதை நீங்கள் அச்சில் பார்க்கிறீர்கள் என்றால், தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனேனா, விரித்துக்கொண்டு போனேனா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று இந்நேரம் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். அதன்படி நீங்களே

பஸ் ஹாரன் கேட்கிறது. தாழ்ப்பாளை எடுக்க