மட்டி ஓடும் பொச்சு மட்டையும்

தன்னாமுனையில், வாவியோரமாக இருந்தது ரதீஸின் விறகுக் காலை, விறகைக் கொத்தி அடுக்கி விற்கும் வளவு. மேலே தகரம் போட்டிருந்தும் போன மாரியில் நிலத்து ஈரம் ஏறி, அடுக்கின் அடிவிறகெல்லாம் ஊறிப்போனது. ஏறாவூர்ப் பேக்கரிக்காரர் நஸீர் நானா ஒரு லோட் விறகை அப்படியே திருப்பி அனுப்பினார். இந்த மாரியும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அவர் போனால் காலையை மூட வேண்டியதுதான்.

போன வருடம் அடுக்கின் அடியில் ரதீஸ் பரப்பியது உமி. மில்லில் சும்மா கிடைத்தது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டது. போதாததற்கு, ஊர்க் கோழிகள் நெல்மணி தேடிக் கிளறி அடுக்கையே சரித்தன.

"இந்த முறை கொங்கிரீட்தான்" என்றான்.

மனைவி பிரஷாந்தி முற்றத்தில் ஓர் உடைந்த கொங்கிரீட் பலகையைப் போட்டாள். பக்கத்தில் வாவிக்கரையில் அள்ளிய மட்டிச் சிப்பி ஓட்டையும், அதற்கடுத்துத் தேங்காய் உரித்த பொச்சு மட்டையையும் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த விறகை வைத்தாள். விடிந்து பார்த்தால், மட்டி ஓட்டின் மேல் கிடந்தது மட்டும் காய்ந்தபடியே இருந்தது.

"அப்ப காலை முழுக்க மட்டி ஓடு!"

"கொஞ்சம் இரிங்க."

கோடாலியைத் தூக்கிப் பொச்சு மட்டையில் போட்டாள். மெத்தென்று புதைந்தது. அடுத்து மட்டி ஓட்டில் போட்டாள். கோடாலி வாய் பல்லுப்பல்லாகப் போனது.

"ஐயோ, என்ட கோடாலி! உனக்கென்ன விசரா புள்ள?"

"கொத்தக்குள்ள அது தவறி நிலத்தில விழாத நாள் ஒண்டு சொல்லுங்க பாப்பம்."

ரதீஸ் கோடாலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இத்தனை வருடம் கொத்தியவன் அவன். இது அவனுக்குத் தோன்றவேயில்லை.

கொத்துமிடத்தில் பொச்சு மட்டை போட்டார்கள். அடுக்குமிடத்தில் ஒரு முழ உயரத்துக்கு மட்டி ஓடு. கொத்தியதை அன்றன்றே ஓட்டின் மேல் ஏற்றினார்கள்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாம் நாள் நஸீர் வந்தார்.

"மேல கிடக்கிறதக் காட்டாதீங்க தம்பி."

குனிந்து அடியிலிருந்து இரண்டை உருவித் தட்டினார். டங்கென்றது. மறுபடியும் தட்டினார்.

"ஆர்ர வேல இது?"

"ரெண்டு பேர்ரயும்தான், நானா" என்றாள் பிரஷாந்தி.

"பொய், நானா" என்றான் ரதீஸ். "நான் கொங்கிரீட் போடச் சொன்ன ஆள்."

நஸீர் சிரித்துவிட்டார். "அப்ப தங்கச்சிக்கிட்டயே சொல்றன். நாளைக்கு ரெண்டு லோட் அனுப்புங்க."