சுண்டலுக்கு நாலு நாளில் சரியாகிவிடும்

அந்தப் பிராணியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே கல்யாணராமனுக்குப் பிடிபட்டதில்லை. எலியில்லை, பூனையில்லை, கீரிப்பிள்ளையைப் பாலில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். ஃபெரட் என்று பெயராம். மகள் மஹதி அதற்குச் சுண்டல் என்று பேர் வைத்து வளர்த்தாள். புனேயில் வேலை கிடைத்ததும், "அப்பா, இவ இனிமே உங்க பொறுப்பு" என்று மடியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். மயிலாப்பூர் வெயில் அதற்கு ஆகாது. அதனால் சுண்டல் ஏசி அறையில் துணித் தொட்டிலில் உறங்க, வீட்டுக்காரர்கள் இருவரும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே புரண்டார்கள்.

மஹதி போன் செய்தால் முதல் கேள்வி, "அவ எப்படி இருக்கா?" அப்பா அம்மாவெல்லாம் அதற்குப் பிறகுதான். கல்யாணராமனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் பெண் நம்பி ஒப்படைத்தது அது ஒன்றுதானே? அதற்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து பயந்து பார்த்துக்கொண்டார்.

பங்குனி உற்சவத்துக்கு மாட வீதியெல்லாம் ஜனம் நெரிந்த வாரத்தில்தான், சுண்டலின் பின்பக்கம் வீங்கிச் சிவந்திருப்பதைப் பார்த்தார். ஏதாவது பூச்சி கடித்திருக்குமோ? மனைவி நீரஜாவைக் கூப்பிட்டார். அவள் வாசற்படியிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"இது கூடவா தெரியலை உங்களுக்கு? தூரமாயிருக்கு. தொடாதேள்."

"மிருகத்துக்கு ஏதுடி அதெல்லாம்?"

"பொம்மனாட்டிதானே அதுவும்? நாலு நாள் தள்ளி வெச்சா தானா சரியாயிடும்."

மாதவிலக்கென்றால் பெண்கள் சமாசாரம். அதில் கல்யாணராமன் தலையிட்டதே கிடையாது. சுண்டலுக்குத் தனிக் கிண்ணம் போட்டார்கள். தீனியைக் குச்சியால் தள்ளிவிட்டார்கள். யாரும் தூக்கவில்லை. ஐந்தாம் நாள் நீரஜா வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள் கலந்து, முறைப்படி தலைக்கு ஊற்றிவிட்டாள். அது உதறிக்கொண்டு ஓடி சோபாவுக்குக் கீழே புகுந்தது. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னொரு நாலு நாள் பாப்போம்" என்றாள் நீரஜா.

பார்த்தார்கள். தேர் போய், அறுபத்துமூவர் போய், சித்திரையும் பிறந்துவிட்டது. இது என்ன கூத்து என்று கல்யாணராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மஹதியிடம் கேட்டுவிடலாம்தான். ஆனால் பெற்ற பெண்ணிடம் ஒரு தகப்பன் எந்த வாயால் இதைக் கேட்பது? அவள் "எப்படி இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம், "நன்னா இருக்கா" என்று சொல்லிச் சட்டென்று போனை வைத்தார்.

அப்புறம் சுண்டல் தொட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது. வால் முடி கொட்டியது. நீரஜா தீர்ப்பை மாற்றினாள். "ஒரு பிரசவம் ஆனா எல்லாம் சரியாயிடும். ஒரு ஆம்பளையா பாருங்கோ."

மஹதியின் சிநேகிதி அனு பாலவாக்கத்தில் இருந்தாள். அவளிடம் மைக்கேல் என்று ஓர் ஆண் ஃபெரட் உண்டு. மஹதியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மைக்கேலையும் கூண்டோடு எடுத்துவரச் சொல்லி அவளை வரவழைத்தார். அனு கூண்டைத் திறக்கிற வழியாக இல்லை. கேள்விதான் கேட்டாள்.

"குட்டி ஏழெட்டு போடும் அங்கிள். யாரு வளப்பாங்க?"

"பாத்துக்கலாம்மா."

"பாத்துக்கலாம்னா? எத்தினி நாளா இப்படி கீது?"

"இப்பதான். ஒரு வாரம் இருக்கும்." கூச்சத்தில் பொய் வந்துவிட்டது.

அனு அரைமனதாக மைக்கேலை விட்டாள். அது மோந்து பார்த்தது. மறுகணம் சுண்டலின் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுத்தது. சுண்டல் கிறீச்சிட்டது. கொல்கிறது, மகளின் குழந்தையைக் கொல்கிறது! கல்யாணராமன் பாய்ந்து இரண்டையும் பிய்த்து எடுத்தார்.

"இன்னா அங்கிள் பண்றீங்க? அது சண்டை இல்ல. அதுங்க சேர்றதே அப்படித்தான். ரொம்ப நேரம் இழுத்துக்கினு கெடக்கும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று அவர் விழித்தார். கொல்வது போலிருந்தால் அது கூடுவதாம். தூரம் போலிருந்ததே, அது என்னவாம்? இதற்குள் அனு சுண்டலை வாங்கி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"அங்கிள், நெசமா எத்தினி நாளு?"

அவர் நீரஜாவைப் பார்த்தார். "பங்குனியிலேர்ந்து" என்றாள் நீரஜா, மெதுவாக.

அனு மைக்கேலைக் கூண்டில் போட்டாள். "குட்டியெல்லாம் அப்புறம். மொதல்ல உசுரு நிக்கட்டும். கெளம்புங்க."

அடையாற்றில் பிராணி மருத்துவர் மெஹபூப் அலி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இது தானா நிக்காது சார். ஆணோட சேர்ந்தாதான் இதுக்குப் பருவம் அடங்கும். இல்லேன்னா அடங்காம, அந்த ஹார்மோனே மஜ்ஜையை அரிச்சிடும். ரத்தம் ஊறாது. வளர்க்கிறவங்க ஒண்ணு யோசிச்சு இணை சேர்க்கணும், இல்ல ஊசியோ ஆபரேஷனோ பண்ணிடணும். சும்மா விடறதுதான் கொலை. இப்ப ஊசி போடறேன். பொழைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. உங்களோடதா?"

"என் பொண்ணோடது."

"அப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

கல்யாணராமன் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தார். "மஹதி... சுண்டலுக்கு... அது வந்து..."

"ஹீட்டுக்கு வந்துட்டாளா? எப்போ?"

"உற்சவத்தப்போ."

"தினம் கேட்டேனேப்பா! நன்னா இருக்கான்னேளே!"

"நாலு நாள்ல தானா சரியாயிடும்னு அம்மாதான்..."

"அம்மா சொல்லுவா. எனக்கும் அதான் சொன்னா. பத்தாவது பரீட்சை சமயத்துல எனக்கு நிக்கவே இல்லை. எழுந்தா கண்ணை இருட்டும். மூலையில தட்டும் டம்ளருமா உக்காந்திருந்தேன். நீங்க கூடத்துல பேப்பர் படிச்சிண்டிருந்தேள். என்னடின்னு ஒரு வார்த்தை கேக்கலை." அவள் அழுதாள். "ஊசி போடச் சொல்லுங்கோ."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவருக்கு அந்த மூலை ஞாபகம் வந்தது. தட்டு ஞாபகம் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவளின் முகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எதற்காக முதலில் வருத்தப்படுவது என்று தெரியாமல் நின்றார்.

"யாராவது இதைப் பிடிச்சுக்கணும்" என்றார் டாக்டர். நீரஜா முன்னால் வந்தாள். அத்தனை நாள் குச்சியால் தீனி தள்ளியவள், சுண்டலை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டது அவள்தான்.

சுண்டல் பிழைத்தது. மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. ஈறில் சிவப்பு ஏறியது. உடம்பு தேறியதும் ஆபரேஷன், குட்டியும் வேண்டாம் கிட்டியும் வேண்டாம் என்று முடிவாயிற்று. சாயங்காலம் மஹதி கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கா?"

"நேத்திக்கு முழுக் கிண்ணமும் காலி. காலம்பற என் கால் கட்டைவிரலைக் கடிச்சா." பிறகு, பழக்கமில்லாத ஒன்றைச் செய்கிறவராகத் தயங்கி, "நீ எப்படி இருக்கே?" என்றார்.

"நன்னா இருக்கேன்ப்பா."

அதே வார்த்தையை வாரக்கணக்கில் சொல்லிவந்தவர் அவர். அதன் பெறுமானம் அவருக்குத் தெரியும்.

"நிஜமாவா?"

"இல்லப்பா" என்றாள் மஹதி.