முன் பெஞ்சில் ஐந்து தொங்கல்கள்

கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜானெல் பத்து நிமிடமாகக் குனிந்தபடியே நின்றாள். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயரும், கண்ணாடியில் பனி சுரண்டும் கட்டையும், பாதி காலியான தண்ணீர் பாட்டிலும்தான் கிடந்தன. இல்லாத பொருளை ஒருத்தி எவ்வளவு நேரம்தான் தேடுவாள்?

"என்னடி, புதையலா தோண்டுற?" தேவாலயப் படியிலிருந்து அண்ணன் கர்ட் கத்தினான். "பதினொரு மணிக்குப் பாஸ்டர் ஆரம்பிச்சுடுவார். முன் பெஞ்சுல உன் பக்கம் மட்டும் மொட்டையா கிடக்கு. சீக்கிரம் எடுத்துட்டு வா!"

"வர்றேன், நீ போ!"

அவர்களுடைய அம்மா மார்லிஸ் செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக் கட்டிலிலேயே இறந்துபோனாள். கணையத்தில் புற்று. கண்டுபிடித்து ஏழே வாரம். நாற்பது வருடமாக, பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்ததும் அவள் இலையுதிர்காலத்துக்கென்று சுவரில் மாட்டும் தொங்கல்கள் தைப்பாள். துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, கையாலேயே இழையோட்டிய தொங்கல்கள். பூசணிக்காய், மேப்பிள் இலை, சோளத்தட்டை, தெற்கே பறக்கும் வாத்துக்கூட்டம். பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துணிச்சீட்டில் யாருக்கு, எந்த வருடம் என்று நூலாலேயே எழுதியிருப்பாள். அமெரிக்காவின் இயோவா மாநிலத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் அவள் கைத்தையல் தொங்காத கூடம் இல்லை.

அப்படிப்பட்டவள் செத்தால் தையல் குழுப் பெண்கள் சும்மா விடுவார்களா? வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் தொங்கலைக் கொண்டுவந்து பெஞ்சுகளின் சாய்மானத்தில் போர்த்த வேண்டும். தைப்பவள் ஒருத்தி போனால் அங்கே அதுதான் வழக்கம். முன் பெஞ்சு குடும்பத்துக்கு. வலது பாதியில் கர்ட் பதினான்கை அடுக்கியிருந்தான். இடது பாதி ஜானெலுக்கு.

ஜானெலிடம் ஒன்றுகூட இல்லை.

நான்கு வருடத்துக்கு முன் அவள் சின்ன ஃபிளாட்டுக்கு மாறினாள். வெள்ளைச் சுவர், கண்ணாடி மேஜை. அதில் பூசணிக்காயை எங்கே மாட்டுவது? அதுவரை அம்மா தைத்துக் கொடுத்திருந்த ஐந்தையும் ஒரு பையில் திணித்து, ஒரு மணி நேரம் காரோட்டி, வேறொரு ஊரில், தானமாக வருவதை வாங்கி விற்கும் பழைய சாமான் கடையில் இறக்கிவிட்டு வந்தாள். சொந்த ஊரில் சர்ச்சுக்காரர்கள் நடத்தும் அதே மாதிரிக் கடையில் அம்மா வியாழக்கிழமைதோறும் துணி பிரிக்கிறாள் என்பதால்தான் அத்தனை தூரம். பெரிய சாமர்த்தியசாலி என்று அன்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அந்த வருடம் முதல் அம்மாவிடமிருந்து தொங்கல் வரவில்லை. "கண்ணு முன்ன மாதிரி இல்லடி, தைக்க முடியல" என்றாள் தொலைபேசியில். "பரவாயில்லம்மா, கஷ்டப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜானெல் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அம்மா இறப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், கட்டிலருகே உட்கார்ந்து, எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "அம்மா, நீங்க தைச்சுக் குடுத்தீங்களே..."

"உதடு காயுதுடி" என்றாள் மார்லிஸ்.

ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டாள். அதற்கப்புறம் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு அதோடு நின்றது.

டிக்கியை அடித்துச் சாத்திவிட்டு ஜானெல் உள்ளே போனாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். "வீடு ரெண்டு மணி நேரம்தானே, புதன்கிழமை நீ போயிட்டு வந்தப்ப எடுத்திருக்கலாமே" என்று கர்ட் கேட்பான். அப்பா ஹார்லன் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் விஷயம் தெரிந்தால் அந்த மனுஷன் உடைந்துபோவார். துணி வெட்டும்போது அம்மாவுக்கு ஓரம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

பெஞ்சு பெஞ்சாக ஆரஞ்சும் பழுப்பும் சிவப்புமாகக் கிடந்தது. கை பரபரக்க ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தாள். "ஷெரிலுக்கு", போன வருடம். அடுத்தது "டோனா பேரனுக்கு", அதற்கு முந்தின வருடம். மூன்றாவது இந்த வருடம், செப்டம்பர். தையல் ஒவ்வொன்றும் கடுகளவு, ஒன்றுகூடக் கோணவில்லை. அம்மாவின் கண்ணுக்கு ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

ஜானெல் அந்த மூலையைச் சட்டென்று பழையபடி மடித்துவிட்டாள்.

"ஏ பொண்ணே, இங்க வா." கோட்டு மாட்டும் அறை வாசலில் வெல்டா நின்றாள். அம்மாவின் தோழி, வியாழக்கிழமைக் கடையில் கூட்டாளி. கையில் கனத்த தலையணை உறை ஒன்று. ஜானெல் உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

"பிடி."

ஐந்தும் இருந்தன. மேப்பிள் இலை மேலாக.

"இது எப்படி உங்ககிட்ட..."

"பண்டிகைக்கு முன்னாடி சுத்துப்பட்டு ஊர்க் கடைங்க எல்லாம் சாமான் மாத்திக்குவோம்னு உனக்கு யாரும் சொல்லலியா? பூசணிக்கா போட்டதெல்லாம் எங்க ஊருக்குத்தான் வரும். இங்கதான் விக்கும். அந்தப் பையைப் பிரிச்சது உன் அம்மாதான். பக்கத்துல நான் நின்னுட்டிருந்தேன்."

ஜானெல் உறையின் வாயை மூடினாள். "கோபப்பட்டாங்களா?"

"பட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒண்ணொண்ணா விரிச்சு, எங்கயாச்சும் தையல் விட்டிருக்கான்னு பார்த்தா. அவளே வாங்கிக்கிட்டா. 'வெல்டா, உன் வீட்டு அலமாரியில வை, ஹார்லன் கண்ணுல படக் கூடாது'ன்னா. அன்னிக்குக் கொண்டுவந்த சாண்ட்விச்சை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீ சொல்லியிருக்கலாமே!" வெல்டாவின் குரல் ஏறியது; வெளியே கேட்டுவிடும் என்று இறக்கிக்கொண்டாள். "உன்மேல எனக்குக் கோபம் இருக்கு, மறைக்கமாட்டேன். ஆனா சொன்ன வேலையைச் செய்யணும் இல்லையா. மூணு வாரம் முன்னாடி கூப்பிட்டு அனுப்பினா. 'நான் செத்தா நீங்க எல்லாரும் பெஞ்சு பெஞ்சா துணி போடுவீங்க. என் பொண்ணு அத்தனை பேர் முன்னாடி வெறுங்கையோட நிப்பா. அப்படி நிக்க விட்டுடாதே'ன்னா."

ஜானெலுக்கு வாய் கோணியது. "வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இஸ்திரி போட்டுக் குடுன்னா. மடிப்புத் தெரிஞ்சா மாட்டாம வச்சிருந்தது தெரிஞ்சுடுமாம். நேத்து முழுக்க அதான் என் வேலை." வெல்டா கதவைத் திறந்தாள். "மூக்கைச் சிந்திட்டு வா. அப்பா தேடுறார்."

இடது பாதியில் ஐந்தையும் விரித்துப் போர்த்தினாள். பின் வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "பாரு, பத்து வருஷத்துத் துணி, நேத்து தைச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "என்னுது ஜன்னல் வெயில்ல வெளுத்தே போச்சு."

கர்ட் தன்னுடையவற்றைப் பார்த்துக்கொண்டான். எல்லாவற்றிலும் நாய் முடி, ஒன்றில் குழம்புக் கறை. "உன்கிட்ட குடுத்தா இப்படி. என்கிட்ட குடுத்தா இப்படி" என்று சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

ஹார்லன் தடியூன்றி வந்து நின்றார். மேப்பிள் இலையின் ஓரத்தை விரலால் தடவினார். அதன் பழுப்பு அவருடைய பழைய சட்டை.

"நல்லா வச்சிருந்திருக்கியேம்மா" என்றார். "உன் வீட்டுல வெள்ளைச் சுவரு. இதையெல்லாம் மாட்டுறியோ இல்லியோன்னு எனக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. உங்கம்மாகிட்ட ஒருதடவை கேட்டேன். 'போன வாரம் பேசினப்பகூடச் சொன்னா, கூடத்துலதான் தொங்குது'ன்னா."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று ஜானெலின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நான்கு நாளில் முதல்முறையாக அது கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஆமாப்பா" என்றாள். "கூடத்துலதான்."

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாஸ்டர் எழுந்தார், ஆர்கன் தொடங்கியது, ஊரே உட்கார்ந்து அம்மாவின் துணிகளில் முதுகைச் சாய்த்தது. பாட்டு, ஜெபம், பிரசங்கம், மறுபடி பாட்டு. சவப்பெட்டியை எடுக்கும்வரை ஜானெல் பெஞ்சின் நுனியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். "சாய்ஞ்சு உட்காரும்மா, எவ்வளவு நேரம் இப்படியே இருப்ப?" என்று அப்பா இரண்டு முறை காதில் சொன்னார்.